ஊர் நகரமாவதற்கு முன்: புறநகர் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தை ஊராரே தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வயலில் வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கும் நாளிலேயே ஓர் ஊர் நகரமாகத் தொடங்கிவிடுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தக் கற்களை நாங்கள் பத்து வருடங்களுக்கு மேல் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் ஊரின் புதிய மனைப்பிரிவுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஊரின் ஆதிக் குடியிருப்பான நத்தத்து வீடுகளிலோ திண்ணைகூட நனையவில்லை. முன்னோர் மேட்டில் நத்தத்தையும் பள்ளத்தில் ஏரியையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் பள்ளத்தில் மனை விற்க விட்டிருந்தோம். அந்தச் சேற்றைக் கழுவிய பிறகுதான் ஊர் வரைபடத்தைக் கையில் எடுத்தோம். அதன் பிறகு கற்றவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

இப்படி யோசித்து வளர்வதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்மார்ட் குரோத்’. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1997-ல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்குமான மாநில அரசின் பணத்தை, வளர்ச்சிக்கென்று குறித்த பகுதிகளுக்கே முதலில் கொடுப்பது என்பது அதன் அடிப்படை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம் இன்னும் முன்னதாகவே, 1979-ல், நகரம் எதுவரை வளரலாம் என்று ஊரைச் சுற்றி எல்லைக்கோடு போட்டுக்கொண்டது. அங்கே இருந்த நோய் இங்கேயும் இருக்கிறது: இங்கொரு மனைப்பிரிவு, அங்கொரு மனைப்பிரிவு என்று ஊர் சிதறிப் பரவுகிறது, சாலையும் குழாயும் அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடுகின்றன.

இந்த வழிகாட்டி நகரத்தை ஒட்டியிருக்கும் கிராம ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் உரியது. ஐந்தாறு பேர் வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது நில ஆவணம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தையும் உள்ளடக்கி ஒரு வருட அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆவணங்களைச் சேருங்கள்

முதலில் வேண்டியவை மூன்று: கிராம வரைபடம், ‘ஏ’ பதிவேடு, புல வரைபடங்கள். கிராம வரைபடம் ஊர் முழுவதையும் புல எண் (சர்வே எண்) வாரியாகக் காட்டும். ‘ஏ’ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் வகைப்பாடும் இருக்கும். புல வரைபடத்தில் அந்த நிலத்தின் அளவுகள் மீட்டர் கணக்கில் இருக்கும். ‘ஏ’ பதிவேட்டு விவரத்தையும் புல வரைபடத்தையும் தமிழக அரசின் இணையச் சேவையில் புல எண்ணைக் கொடுத்தே எடுத்துவிடலாம்.

புறம்போக்கு நிலங்களைத் தனியே எழுதுங்கள். ஏரி, குளம், குட்டை, வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால், மந்தைவெளி, களம், மயானம் என்று பெயர் பெயராக வரும். பட்டியலை எழுதி முடித்தபோது, இத்தனை பொது நிலம் நம்மிடம் இருந்ததா என்று நாங்கள் வாயடைத்துப் போனோம்.

ஓர் எச்சரிக்கை. இப்போது கையில் கிடைக்கும் பதிவேடுகள் பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரார் யு.டி.ஆர். என்று சொல்வதில், உருவானவை. அதில் பிழைகள் உண்டு. வாய்க்கால் என்று ஊரே அறிந்த இடம் பதிவேட்டில் தனியார் பெயரில் இருந்தால், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பழைய புல எண்ணும் புதிய புல எண்ணும் வேறு வேறு என்பதால் இந்த ஒப்பீட்டுக்குப் பொறுமை வேண்டும். எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.

படி 2: தண்ணீரின் வழியை நடந்து பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளிலும் கொஞ்சம் முன்பின் ஆனாலும் திருத்திக்கொள்ளலாம். இதில் தவறினால் திருத்த வழியில்லை. வீடு கட்டிய பின் வாய்க்காலுக்கு வேறு இடம் கிடைக்காது.

ஓர் ஏரிக்கு நீர்ப்பிடிப்பு, வரத்துக் கால்வாய், உள்வாய் (நீர் நிற்கும் பரப்பு), கரை, மதகு, கலங்கல் (நிறைந்த நீர் வழியும் இடம்), போக்குக் கால்வாய் என்று பல உறுப்புகள் உண்டு. கரையையும் நீர் நிற்கும் பரப்பையும் மட்டும் காப்பாற்றிவிட்டு ஏரியைக் காப்பாற்றினோம் என்று சொல்வது, வாயையும் குதத்தையும் தைத்துவிட்டு வயிற்றைக் காப்பாற்றினோம் என்பதைப் போன்றது. வரத்துக் கால்வாய் அடைபட்டால் ஏரி நிறையாது. கலங்கலுக்குக் கீழே வழியில்லையென்றால் நிறைந்த ஏரி ஊருக்குள் வரும்.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை கிளம்புங்கள். கையில் புல வரைபடம், அளவு நாடா, வண்ணப் பென்சில். கூடவே ஊரின் நீர்க்கட்டியை அழைத்துச் செல்லுங்கள். மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய அந்த மனிதரைவிட அந்த ஊரின் தண்ணீரை அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. எங்களோடு வந்தவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. வரைபடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சுற்றுச்சுவரின் அருகே நின்று, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்த பழுப்புக் கோட்டைக் கம்பால் தட்டினார். “இது தண்ணி போட்ட கையெழுத்து” என்றார். சுவருக்கு அப்பால் புதுச் சாலை. சாலைக்கு அடியில் இரண்டடி விட்டத்தில் ஒரு சிமென்ட் குழாய். புல வரைபடத்தில் அதே இடத்தில் வரத்துக் கால்வாயின் அகலம் ஒன்பது மீட்டர். கணக்குப் போட்டோம். இரண்டடிக் குழாயின் வாய் ஏறக்குறைய 0.3 சதுர மீட்டர். ஒன்பது மீட்டர் அகலக் கால்வாயில் ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் ஓடினால் 9 சதுர மீட்டர். முப்பது பங்கு தண்ணீர் போன வழியில் ஒரு பங்குக்கு இடம் விட்டிருக்கிறார்கள். மீதி இருபத்தொன்பது பங்குதான் 2015-ல் வீடுகளுக்குள் வந்தது.

தண்ணீரின் அளவை உணர இன்னொரு கணக்கும் உதவும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் பத்துக் கோடி லிட்டர். மண்ணும் வயலும் இருந்தவரை அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கியது. தரை முழுவதும் சிமென்ட் ஆன பிறகு ஏறக்குறைய அத்தனையும் ஓடிவரும்.

நடந்து பார்த்ததை மூன்று வண்ணத்தில் குறியுங்கள். தண்ணீர் இன்றும் தடையின்றி ஓடும் இடம் நீலம், வரைபடத்தில் இருந்து தரையில் மறைந்துபோன வழி சிவப்பு, வரைபடத்தில் இல்லாவிட்டாலும் மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளம் மஞ்சள். மஞ்சளை அலட்சியம் செய்யாதீர்கள். பட்டா நிலமாக இருக்கலாம், விற்கச் சட்டம் இடம் கொடுக்கலாம். ஆனாலும் அதில் வீடு கட்டுபவர் வருடா வருடம் அவதிப்படுவார்.

ஒரு ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மனு போக வேண்டிய முகவரி இதைப் பொறுத்தது. ஆயக்கட்டு முழுவதும் மனையாகிவிட்ட ஏரிகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை உண்டு. மதகைத் திறக்க ஆளில்லை, தூர்வாரக் கேட்க விவசாயி இல்லை. சில வருடங்களில் அது கழிவுநீர்க் குட்டையாகிவிடும். அப்படிப்பட்ட ஏரிக்கு, வெள்ளத்தைத் தாங்குவது, கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுப்பது என்று புதிய வேலையை உங்கள் திட்டத்தில் எழுத்தில் கொடுங்கள்.

படி 3: எங்கே வீடு வரலாம் என்று முடிவு செய்யுங்கள்

நீலம், சிவப்பு, மஞ்சள் போக மிஞ்சியதுதான் கட்டத் தகுந்த நிலம். அதிலும் ஏற்கெனவே சாலையும் மின்சாரமும் போன இடங்களை முதலில் நிரப்புங்கள். நம் புறநகர்களில் மனை விற்றுப்போகிறது. வீடு மட்டும் வருவதில்லை. முதலீட்டுக்கு வாங்கிப் போட்ட மனைகளில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. ஆனால் நடுவில் நாலு வீடு வந்துவிட்டால் அந்த நாலுக்கும் சாலை, விளக்கு, குழாய் எல்லாம் போட்டாக வேண்டும்.

முப்பது அடி முகப்புள்ள மனைகள் இருபுறமும் இருக்கும் ஒரு கிலோமீட்டர் தெருவில் ஏறக்குறைய 218 மனைகள் வரும். எல்லாவற்றிலும் வீடு இருந்தால் ஒரு வீட்டின் பங்குக்கு ஐந்து மீட்டருக்கும் குறைவான சாலைதான். இருபது வீடுதான் இருக்கிறது என்றால் ஒரு வீட்டுக்கு ஐம்பது மீட்டர். சாலை போடும் செலவிலும், கிழிந்தால் தைக்கும் செலவிலும் இந்தப் பத்து மடங்கு வித்தியாசம் கூடவே வரும். எங்கள் ஊராட்சியில் விளக்கு எரியாததற்கும் குப்பை வண்டி வராததற்கும் பாதிக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆகவே மனைப்பிரிவு வாரியாக எத்தனை மனை, எத்தனை வீடு என்று எண்ணிப் பட்டியல் போடுங்கள். பாதிக்கு மேல் காலியாக இருக்கும் மனைப்பிரிவுகள் நிரம்பும்வரை ஊரின் கடைசி வயல்களுக்குப் புதுச் சாலை கேட்பதில்லை என்று ஊரே ஒப்புக்கொள்ள முடிந்தால், போர்ட்லண்ட் போட்ட எல்லைக்கோட்டை நீங்களும் உங்கள் அளவில் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒப்புக்கொள்ள வைப்பது கடினம். நிலம் வைத்திருப்பவரின் கனவு அதில் இருக்கிறது. அவரோடு சண்டை போடாமல், அவர் வயலுக்குக் கீழே இருக்கும் வீடுகளின் மழைக்காலப் படங்களைக் காட்டிப் பேசுங்கள்.

மனையை மண் கொட்டி உயர்த்தும் வழக்கத்தையும் கவனியுங்கள். தாழ்வான நிலத்தில் மனைப்பிரிவு போடுபவர்கள் மூன்றடி உயர்த்திவிட்டுத் தங்கள் இடத்தில் தண்ணீர் நிற்காது என்பார்கள். நிற்காதுதான், பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

படி 4: பத்து நிமிட நடை

ரேஷன் கடை, தொடக்கப்பள்ளி, பஸ் நிறுத்தம், துணை சுகாதார நிலையம், மளிகைக்கடை ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் 800 மீட்டருக்கு வட்டம் போடுங்கள். அது பத்து நிமிட நடை. வட்டத்துக்குள் வராத வீடுகளில் இருப்பவர்களுக்கு இருசக்கர வாகனம் இல்லாமல் வாழ்க்கை இல்லை.

நம் பழைய ஊர்கள் இதில் கெட்டி. மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் குளத்தையும் வீதிகளையும் சுற்றியே வீடும் கடையும் பட்டறையும் நெருங்கி நிற்கின்றன. புதிய மனைப்பிரிவுகளில் தேங்காய் வாங்கக்கூட நெடுஞ்சாலைக்குப் போக வேண்டியிருக்கிறது. முக்கியத் தெருக்களைக் கலப்புக் குடியிருப்பாகக் குறிக்கக் கேளுங்கள். கீழே கடையும் மேலே வீடுமாக வந்தால் இரவிலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், பெண்கள் பயமின்றி வருவார்கள். நடைபாதைக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்தியச் சாலைகளுக்கான தர அளவு. சாலையின் அகலம் குறைவு என்று பொறியாளர் சொன்னால், பள்ளிக்குப் போகும் தெருவிலாவது விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: தண்ணீரும் கழிவுநீரும்

ஆயிரம் வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவு. நாள் தேவை 5 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொதுக் கணக்கு. ஏறக்குறைய 4 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் லாரிகளில் ஏற்றினால் தினமும் 36 லாரி. அந்த முப்பத்தாறு லாரி எங்கே போய்க் கொட்டும் என்று கூட்டத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்கள் ஏரிதான். சுத்திகரிப்பு நிலையத்துக்கான நிலத்தை, ஊரின் தாழ்வான பக்கத்தில், ஏரியின் நீர்ப்பிடிப்புக்கு வெளியே இப்போதே ஒதுக்கிக் குறியுங்கள். பத்து வருடம் கழித்து இடம் கிடைக்காது.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 1,400 மில்லிமீட்டர் ஆண்டு மழைக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் விழுகிறது. குழாய் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், குழியில் மணல் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: பூங்கா இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள்

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது, சாலை போக மிச்சமுள்ள நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதுதான். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடம் தரையில் எங்கே என்று போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு மனைப்பிரிவின் பூங்காவில் மாட்டுக்கொட்டகையும் செங்கல் குவியலும் இருந்தன. இன்னொன்றின் பூங்காவில் இரண்டு வீடுகள்.

சரிபார்க்கும் வழி எளிது. அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் பதிவானதா, பதிவான பின் யாராவது விற்றிருக்கிறார்களா என்று தெரியும். பதிவாகியிருந்தால் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வேலியும் பெயர்ப்பலகையும் அடுத்த மாதமே வேண்டும்.

படி 7: வரைபடத்தில் விட்டுப்போனவர்கள்

ஊர், காலனி என்று பிரிந்து கிடக்கும் நம் கிராமங்களில் திட்டம் போடும் கூட்டமும் ஊர்ப் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும். ஆதிதிராவிடர் குடியிருப்பு பல இடங்களில் வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். அங்கே ஒரு கூட்டம் தனியாக நடத்துங்கள். மயானப் பாதையையும் நடந்து பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், தொழிற்சாலைக்கு வந்து ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கும் இளைஞர்கள் ஆகியோருக்குக் குறைந்த வாடகையில் வீடு எங்கே வரும் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். நீர்நிலையில் குடிசை போட்டவர்களை அகற்ற வேண்டி வந்தால், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாற்று இடத்தை எழுதிய பின் அகற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். பெரிய சுற்றுச்சுவர்களைத் தொடாமல் குடிசையை மட்டும் இடித்த ஆக்கிரமிப்பு அகற்றங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கத்தில் பங்கு வேண்டாம்.

படி 8: தீர்மானமும் ஆட்சேபணையும்

இதுவரை செய்தது எல்லாம் ஒரு பெரிய வரைபடமும் பத்துப் பக்கக் குறிப்பும். இனி அதற்குச் சட்டத்தில் கால் வேண்டும்.

கிராம சபை இப்போது வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் நீர்வழித் தீர்மானத்துக்குப் பொருத்தமான நாள். வருகைப் பதிவில் கையெழுத்துக் குறைந்தால் கூட்டமே செல்லாது. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊராட்சியில் 300 பேர் வேண்டும். தீர்மானத்தில் ‘ஏரியைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ‘இன்ன புல எண்ணில் 9 மீட்டர் அகலமுள்ள வரத்துக் கால்வாயை அளந்து கல் நட வேண்டும், சாலையின் கீழ் உள்ள குழாயை அகற்றிப் பெட்டிப் பாலம் கட்ட வேண்டும்’ என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தீர்மான நகலைக் கையோடு வாங்குங்கள்.

இரண்டாவது வழி முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் ‘மாஸ்டர் பிளான்’. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டம் வெளியானதும் பொதுமக்கள் ஆட்சேபணையும் யோசனையும் தர அவகாசம் கொடுக்க வேண்டும். சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்கானது. மூன்றாவது அதற்குப் பின் 2046 வரைக்கானது. ஒருமுறை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். உங்கள் மஞ்சள் பள்ளங்கள் எல்லாம் புல எண்ணோடும் மழைக்காலப் படத்தோடும் அந்த ஆட்சேபணையில் போக வேண்டும். இதற்கிடையில் நாளிதழ்களில் வரும் நில உபயோக மாற்ற அறிவிப்புகளைப் படிக்க ஒருவரை நியமியுங்கள். சின்ன எழுத்தில், உள்பக்கத்தில் வரும். விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்றக் கேட்கும் புல எண் உங்கள் சிவப்புக் கோட்டில் விழுந்தால் அன்றே எழுதுங்கள்.

மூன்றாவது, 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடம், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, அதிலுள்ள நிபந்தனைகள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். எங்களுக்கு முதல் மனுவுக்கு இரண்டு மாதம் பதில் வரவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்த நகலில், கால்வாயை அதன் முழு அகலத்துக்கு விட வேண்டும் என்று நிபந்தனை தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஒற்றைத் தாள்தான் பிறகு எல்லா மேசைகளிலும் பேசியது. ஏரி ஆக்கிரமிப்புக்கு 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கு அதைக் குறிப்பிட்டு எழுதலாம்.

ஊராட்சி, நகராட்சியாகத் தரம் உயரப் போகிறது என்ற பேச்சு வந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். பேரூராட்சியைப் போலவே நகராட்சியிலும் கிராம சபை கிடையாது. வார்டு குழுவும் பகுதி சபாவும்தான். ஊர் ஒரே இடத்தில் கூடித் தீர்மானம் போடும் உரிமை அத்தோடு போய்விடும். அதற்குள் வாய்க்கால்களுக்குக் கல் நட்டாகிவிட வேண்டும்.

படி 9: ஆண்டுதோறும் அதே நடை

வரைபடத்தைச் சட்டம் போட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டுங்கள். நவம்பரில் முதல் பெருமழைக்குப் பின் அதே வழியை அதே வரைபடத்தோடு நடந்து, புதிதாக முளைத்த ஒவ்வொரு சுவரையும் தேதியோடு குறியுங்கள். சுவர் இடுப்பளவு இருக்கும்போது ஒரு மனு போதும். கூரை போட்டுவிட்டால் வழக்கு.

எங்கள் ஊரில் குழாய் இருந்த இடத்தில் இப்போது மூன்று கண் பெட்டிப் பாலம் இருக்கிறது. கால்வாய் ஒன்பது மீட்டர் இன்னும் ஆகவில்லை. ஆறரை வரைக்கும் மீட்டிருக்கிறோம். மீதி இரண்டரை மீட்டருக்கான மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. கிழக்குப் பக்கம் நான்கு கற்கள் நட்டாயிற்று, மேற்குப் பக்கம் இரண்டு பாக்கி.